கல்லும் துளையும் – 7: பல் மருத்துவர்கள் படித்த மணித்துளை

போன வாரம் கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலோடு நிறுத்தியிருந்தோம். வைரம் 10, நீலக்கல் 9, பச்சைக்கல் ஏழரைக்கு மேல், பளிங்கும் சூதுபவளமும் 7: இது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் சன்னமான வைர பிட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்வதாக இருந்தது. சொல்லத்தான் போகிறேன், ஆனால் லியோனார்ட் கோரெலிக், ஜான் குவின்னெட் என்ற இருவரைத் தாண்டி அங்கே போக முடியவில்லை. முதலாமவர் பல் சீரமைப்பு மருத்துவர். மற்றவர் நியூயார்க் மாநிலத்தில் பல் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். பல்லுக்கு அச்செடுக்கும் சிலிக்கோனைப் பழங்கால மணிகளின் துளைக்குள் செலுத்தி, அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இவர்கள். மணியை உடைக்காமலே துளையின் உட்சுவர் வெளியே வந்துவிடுகிறது! உதிரிப் பொடியைப் போட்டுக் கம்பியால் தேய்த்த துளையின் சுவர் ஒரு விதம். கம்பி நுனியில் பதித்த வைரம் அறுத்த சுவரில் கூரிய கோடுகள் வளையம் வளையமாக, சீரான இடைவெளியில் ஓடுகின்றன. வைரத்தால் துளையிடும் நுட்பம் இந்தியாவிலிருந்து ரோமுக்குப் போனதென்று 1988இல் அவர்கள் வாதிட்டது இந்தக் கோடுகளை வைத்துத்தான்.

மணித் துளையிடலின் தடம் நம் பக்கத்திலும் உண்டு. குன்னத்தூருக்குத் தென்கிழக்கே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், துளையிட்ட மணிகளோடு துளையிடாத மணிகளும் அகழாய்வில் கிடைத்தன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுவென்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பச்சைக்கல் எடுத்த படியூர் அருகில்தான் இருக்கிறது. மணித் தொழிலில் கல்லை உருட்டுவதைவிடத் துளையிடுவதே கண்டம். மற்ற வேலையெல்லாம் முடிந்த கல் அந்த ஒரு கட்டத்தில் பிளந்தால் மொத்த உழைப்பும் போச்சு.

அந்தக் கண்டத்தைக் கடக்க, குஜராத்தின் கம்பாத்தில் வில்லால் சுழற்றும் துளைக்கருவியின் நுனியில் இரண்டு சிறு வைரச் சில்லுகளைப் பதிப்பார்கள். அவை கம்பியின் விளிம்பைத் தாண்டிச் சற்றே துருத்தி நிற்கும். அதனால் துளை கம்பியைவிட அகலமாகிறது. அந்த இடுக்கில் தண்ணீர் உள்ளே இறங்கி, கல்மாவு வெளியே வருகிறது. என் வாதம் இதுதான்: சன்ன பிட்டில் பார்க்க வேண்டியது எவ்வளவு வைரம் என்பதை அல்ல, மாவு வெளியேற வழி இருக்கிறதா என்பதை. நுனி சற்றுப் பருத்து, தண்டு சற்று மெலிந்து, உருட்டிப் பார்த்தால் ஆட்டமில்லாமல் ஓடும் பிட்டே நல்ல பிட்.

வில்லுக்குத்தானே அந்தக் கவலை, மோட்டாருக்கு என்ன என்று கேட்கலாம். வேகம் கூடினால் மாவும் கூடும். வெளியேறும் வழி கூடாது. சிக்கிய மாவு சூடேற்றும். சூட்டில் நிக்கல் முலாம் பிடித்திருக்கும் வைரத்துகள் உதிரும், கல்லும் விரிசல் விடும். அதனால்தான் கல்லைத் தண்ணீரில் வைத்து, பிட்டை அடிக்கடி தூக்கித் தூக்கி, பாதி ஆழத்தில் கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து துளைக்கச் சொல்கிறார்கள்.

முலாம் பிட்டில் ஒரே அடுக்கு வைரம்தானே, உலோகப் பொடியோடு கலந்து சுட்டு இறுக்கிய பிட் நெடுநாள் உழைக்காதா என்பது அடுத்த கேள்வி. உழைக்கும், தண்டு தாங்கினால். ஒரு மில்லிமீட்டர் அளவில் வைரம் தேயும் முன்பே தண்டு ஒடிவது சகஜம். அங்கே நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண். ஆகவே முத்துச்சரம் போலச் சன்ன நூல் கோக்கும் துளைக்கு முலாம் பிட்டை வாங்கி, தேய்ந்ததும் தயங்காமல் மாற்றுவதே லாபம். வெள்ளித் தகட்டுக்கு இது எதுவும் வேண்டாம். மென்மையான உலோகம் வைரத்துகளின் இடையே அப்பிக்கொள்ளும். சாதாரண எஃகு பிட்டே போதும்.

இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கணக்கே மாறுகிறது. அங்கே கல் முழுவதையும் மாவாக்காமல் ஓரத்தை மட்டும் அறுக்கும் குழல் பிட் வருகிறது. அறுபட்ட நடுக்கல் குழலுக்குள் சிக்கிக்கொள்வது அதன் தொல்லை. இந்த வாரமே அதற்கும் இடம் ஒதுக்கியிருந்தேன். பல் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

(அடுத்த வாரம்: குழல் பிட்)