சுயவிபரக்கோவையில் மும்மொழித் தேர்ச்சி

கிருலப்பனையிலும் அயற்பகுதிகளிலும் வாழும் எமது இளைஞர், யுவதிகள் வாடிக்கையாளர் சேவை உத்தியோகங்களுக்கு விண்ணப்பிக்கையில், ஒரே சுயவிபரக்கோவையையே வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் அனுப்புவதை நாம் காண்கிறோம். பிறந்த திகதி, கிராம சேவையாளர் பிரிவு, தேர்தல் தொகுதி என்பன முதற் பக்கத்தை நிரப்ப, மும்மொழித் தேர்ச்சி கடைசி வரியில் ஒதுங்கிவிடுகிறது.

விளம்பரம் கோரும் தகைமைகளை முதலில் அடிக்கோடிட வேண்டும். முறைப்பாடுகளைக் கையாளல், கணினி அறிவு, இரவு நேரக் கடமை என அவை அமையலாம். ஒவ்வொன்றுக்கும் தமது அனுபவத்திலிருந்து சான்று காட்டல் அவசியம். 'இனிமையாகப் பழகுபவர்' என்பதிலும், 'புடவைக் கடையில் இரண்டு வருடங்கள் மும்மொழிகளிலும் வாடிக்கையாளரைக் கவனித்தேன்' என்பது கனமானது. மொழித் தேர்ச்சியைப் பேச்சு, வாசிப்பு, எழுத்து எனப் பிரித்து உள்ளபடி குறிப்பிடல் வேண்டும். நேர்முகப் பரீட்சையில் அது சோதிக்கப்படலாம்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், தொலைபேசியில் முறையிடும் தமிழ் பேசும் முதியவருக்குத் தம் மொழியில் பதில் கிடைப்பது, மறுமுனையில் தமிழறிந்தவர் இருப்பதிலேயே தங்கியுள்ளது. எனவே, மும்மொழித் தேர்ச்சியை முதற் பக்கத்திலேயே எழுதுங்கள் என்பது எமது வேண்டுகோளாகும்.