நீச்சல் தெரிந்தால் போதுமா?



ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு லோக்கல் ரயிலில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வருகிறோமே, கை நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டா? கப்பலின் விளிம்பும் அப்படித்தான். டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் கப்பல் வேலைக்கும் போகலாம். அதற்காகவே இக்கட்டுரை.

என் வகுப்பு நண்பனின் அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. கூடப் போன ஒருவரைப் பற்றி ஒருநாள் சொன்னார்: "நல்லா நீந்துவான் தம்பி. ராத்திரியில விழுந்துட்டான். நாங்க திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஆளே தெரியல."

நீச்சல் தெரிந்தும் ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 நாட் வேகத்தில் போகும் கப்பல் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது. ஒரே நிமிடத்தில் 600 மீட்டர்! அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். கப்பலுக்கோ பஸ் மாதிரி பிரேக் கிடையாது. குளிர்க்கடலில் உடம்பு விறைத்துப் போகும். நம் வங்கக் கடல் வெதுவெதுப்பானது; இங்கே களைப்பும் உப்புத் தண்ணீரும்தான் எமன்.

விழுந்ததைப் பார்த்தவர் உடனே கத்த வேண்டும். லைஃப்பாயை வீச வேண்டும். கண்ணை எடுக்காமல் விரலால் ஆளைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாலுமி, ஆள் விழுந்த பக்கமே சுக்கானைத் திருப்புவார். அப்போதுதான் பின்பகுதியிலுள்ள புரொப்பல்லர் அவரை விட்டு விலகும். திசை 60 டிகிரி மாறியதும் சுக்கானை மறுபக்கம் முழுக்கத் திருப்பினால், கப்பல் வந்த வழியே திரும்பும். இதற்கு 'வில்லியம்சன் திருப்பம்' என்று பெயர். மூன்று முறை நீளமாகச் சங்கு ஊதி மற்ற கப்பல்களுக்கும் தெரிவிப்பார்கள். நம் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆனால் விழாமல் இருப்பதே மேல். ஈரத் தளத்தில் வழுக்காத காலணி, விளிம்பில் வேலை என்றால் சேஃப்டி பெல்ட், எப்போதும் லைஃப் ஜாக்கெட். வலை இறக்கும்போது கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவே கூடாது. இரவில் சிறுநீர் கழிக்கத் தனியாக விளிம்புக்குப் போகக் கூடாது. "லைஃப் ஜாக்கெட் போட்டா புழுங்குது, வேலை ஓடாது" என்பார்கள். 2017 ஒக்கி புயலில் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர் தப்பிய மீனவர்களைக் கேட்டால் தெரியும், மிதக்க ஒரு பிடிப்பு கிடைப்பதன் அருமை.

நீச்சல் சில மணி நேரம் காக்கும். முன்ஜாக்கிரதை ஆயுள் முழுக்கக் காக்கும். முதலில், நாளைக் காலை அந்த ஃபுட்போர்டை விட்டு உள்ளே ஏறுவோமா நண்பர்களே?