உடன் சென்றவர்

எடித் வார்ட்டன் அம்மையார் (1862–1937) நியூயோர்க்கின் செல்வக் குடியொன்றிற் பிறந்து, பாரிஸ் மாநகரைத் தம் ஊராக்கிக்கொண்ட நாவலாசிரியை. பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறங்களிலே மோட்டார் வண்டியிற் சென்ற மூன்று பயணங்களை அவர் 1908ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலின் தொடக்கத்திலேயே புகையிரதத்தின்மீது வழக்குத் தொடுத்துவிடுகிறார். புகையிரதம் பயணியை ஊரின் கொல்லைப்புறத்தாற் கொண்டுபோய் இறக்குகின்றது. கரியும் புகையும் கண்ட கண்ணாலேயே தேவாலயத்தின் கோபுரத்தையும் காண வேண்டியிருக்கின்றது. மோட்டார் வண்டியோ, குதிரைவண்டியிற் சென்ற முன்னோரைப் போல, புகையிரத நிலையத்தின் வழியன்றி ஊரை அணுக விடுகின்றது என்பது அம்மையாரின் கட்சி.

கட்சி வலியதே. ஆயினும் வண்டியை மாத்திரம் புகழ்ந்தாற் போதாது. தெருவையும் நினைத்தல் வேண்டும். பிரான்சில் பாலங்களுக்கும் தெருக்களுக்குமெனப் பொறியியலாளர் குழாம் ஒன்று 1716இலேயே அமைக்கப்பட்டது. இருமருங்கும் மரம் நிழற்ற நேர்கோடாய் ஓடும் பெருந்தெருக்கள் பல அந்நூற்றாண்டில் எழுந்தன. அவற்றுக்கு மண் சுமந்தவர்கள் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட குடியானவர்கள். இதனைப் பயண நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

வேறொன்றையும் இந்நூல் சொல்வதில்லை. 1906இற் சென்ற முதற் பயணத்தில் அம்மையாரின் தமையனார் உடன் சென்றார். 1907 மார்ச்சு மாதத்தில், பாரிசிலிருந்து புவாத்தியே வழியாகப் பிரனீஸ் மலையடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து புரோவென்ஸ் சென்று, ரோன் நதியோரமாக மீண்ட மூன்று வாரப் பெரும்பயணத்திலே, அம்மையாரின் கணவரோடு வண்டியில் இருந்தவர் ஆங்கில நாவலுலகின் பேராசானாகிய ஹென்றி ஜேம்ஸ். சாள்ஸ் குக் என்பவர் சாரதி. நூலிலோ எங்கணும் ‘நாங்கள்’ என்னும் சொல்லே ஆட்சி செய்கின்றது. தேவாலயங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. உடன் சென்றவர்களுக்கு இல்லை. இவ்வடக்கம் எமக்கு உடன்பாடன்று. நம் ஆற்றுப்படைப் புலவர்கள், வழியோடு வழிச்செல்வோனையும் முன்னிறுத்தியன்றோ பாடினார்கள்!

ஹென்றி ஜேம்ஸ் அந்நாட்டுக்குப் புதியவரல்லர். 1882ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் தனியராய், பெரும்பாலும் புகையிரதத்திலேயே தூர் நகரிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றி வந்து, 1884இல் ஒரு பயண நூல் தந்தவர். புவாத்தியே, காக்கசோன், நீம், ஆள், அவிஞோன் முதலிய ஊர்களெல்லாம் அதில் உள்ளன. அந்நூலில் நாம் காண்பது ஒரு தனி மனிதனின் கண். நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையே நடந்து நடந்து நோக்கும் கூரிய கண். இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், அறுபத்து மூன்று வயதில், அதே நாட்டின் வெளிகளை மோட்டார் வண்டியிலிருந்து கண்டபோது அவர் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சான்று.

அப்பயணத்திலே எமக்கு மிகப் பிடித்த இடம், பெர்ரிப் பகுதியிலுள்ள நோஆன் என்னும் சிற்றூர். ஜோர்ஜ் சாண்ட் (1804–1876) என்ற ஆண்பெயர் பூண்டு எழுதிய பெண் நாவலாசிரியையின் இல்லம் அங்கே உள்ளது. மகன் மோரிஸ் பாவைக்கூத்து நடத்திய சிற்றரங்கும் அவ்வில்லத்திலே உண்டு. இசைவாணர் ஷோப்பான் கோடைகள் பலவற்றை அங்குக் கழித்தவர். ஜோர்ஜ் சாண்டைப் பற்றிப் பலமுறை கட்டுரை வரைந்த ஜேம்ஸ், 1882இற் செல்லாத அவ்வீட்டின்முன் நின்று, அம்மையார் எவ்வறையில் துயின்றிருப்பாரோ என்று சாளரங்களை நோக்கி வினவினாராம். தாமே குறும்பாக விடையும் இறுத்தாராம். அவ்விடையை மாணவர் படிக்கும் இப்பக்கத்தில் எழுதுதல் தகாது.

வண்டியைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. தம் நாவலொன்றின் வருவாயாலே அவ்வண்டியை வாங்கியதாக வார்ட்டன் கூறினாராம். தம் நாவலின் வருவாயில் விருந்தினரின் பெட்டி தள்ளும் கைவண்டியொன்றே வாங்க முடிந்தது, அடுத்த நாவலின் வருவாயில் அதற்கு வர்ணம் பூசலாம் என்றாராம் ஜேம்ஸ். நகைச்சுவைதான், ஆனால் உள்ளே புண் இருந்தது. தம் நூல்களையெல்லாம் திருத்தி அவர் வெளியிட்ட பெருந்தொகுதிக்கு 1908இல் முதன்முறை வந்த உரிமைத்தொகை 211 டொலர் மாத்திரமே.

அம்மையார் இதனை மறக்கவில்லை. 1913இல், ஜேம்ஸின் எழுபதாவது பிறந்தநாளுக்காக அமெரிக்க அன்பரிடையே பணந்திரட்ட முனைந்தார். செய்தி எட்டியதும் ஜேம்ஸ் வெகுண்டு அதனை நிறுத்திவிட்டார். கை நீட்டிப் பெறும் மனிதர் அல்லர் அவர். ஆனால் அதற்கு முன்பே வேறொரு வழியும் வகுக்கப்பட்டிருந்தது. இருவருடைய நூல்களையும் வெளியிட்ட ஸ்கிரிப்னர் பதிப்பகத்தார், எழுதப்போகும் அமெரிக்க நாவலொன்றுக்கு 8,000 டொலர் முன்பணம் தருவதாகத் தம் விருப்பம்போலவே ஜேம்ஸுக்கு எழுதினார்கள். அப்பணம் வார்ட்டனின் நூல்வருவாயிலிருந்து எடுக்கப்பட்டது. ஜேம்ஸ் பெரிதும் மகிழ்ந்து பாதித் தொகையைப் பெற்று, ‘தந்தக் கோபுரம்’ என்னும் நாவலைத் தொடங்கினார்.

1914இற் போர் வந்தது. முதற் பயணத்தில் பூலோஞ் துறையிலிருந்து அமியேன் நகருக்கு அம்மையார் இன்பமாய்ச் சென்ற வடபுலம் படைகளின் புலமாயிற்று. 1916இல் அமியேனுக்குக் கிழக்கே சொம் நதியோரத்திற் பெரும்போர் மூண்டது. அதற்கு முந்திய ஆண்டிலே, மருத்துவப் பொருள்களை ஏற்றிக்கொண்டு அம்மையார் போர்முனைத் தெருக்களில் மோட்டார் வண்டியிற் சென்றார். கண்டவற்றை நூலாகவும் எழுதினார். ஜேம்ஸ் இலண்டனில் நோயுற்றிருந்து, 1916 பெப்ரவரி 28ஆந் திகதி காலமானார். ‘தந்தக் கோபுரம்’ முடிவுறாமலே 1917இல் அச்சாயிற்று. முன்பணம் யாருடையது என்பதை அவர் இறுதிவரை அறியார்.

1934இல் அம்மையார் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, ஓர் அதிகாரத்துக்கு ‘ஹென்றி ஜேம்ஸ்’ என்றே தலைப்பிட்டார்.