வானத்தில் ஒரு 'கீ... கீ...' மணி!

குட்டீஸ்! தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கம் உங்கள் வீடு இருந்தால், ஒரு நாள் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் பயணிகள் விமானம் தெரியும். தாம்பரம் விமானப்படை தளத்தின் பயிற்சி விமானமும் கண்ணில் படலாம். அந்தத் தளத்தில் உள்ள பள்ளி ஒன்றில், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பாடம் நடக்கிறது தெரியுமா? இவற்றோடு, இறக்கையை அசைக்காமலே வட்டமடிக்கும் பருந்துகளையும் பார்க்கலாம்.

இறக்கையை அடிக்காமல் பருந்து எப்படி மேலே போகிறது? வெயிலில் தரை சூடானதும், அங்கிருந்து வெப்பக் காற்று தூண் போல மேலே எழும்பும். அதற்குள் சுற்றிச் சுற்றி வந்தால் போதும், காற்றே லிஃப்ட் மாதிரி தூக்கிவிடும்! இதே வித்தையைச் செய்யும் விமானம்தான் கிளைடர். சாதாரண கிளைடருக்கு என்ஜினே கிடையாது. நம் நாட்டில் புனே நகரின் ஹடப்ஸரில் கிளைடர் பயிற்சி மையம் உண்டு.

ஆபத்து எங்கே?

நல்ல காற்றுத் தூண் கிடைத்தால், பல கிளைடர்கள் அதே இடத்துக்கு வந்துவிடும். முதலில் வந்தவர் எந்தத் திசையில் சுற்றுகிறாரோ, அதே திசையில்தான் மற்றவர்களும் சுற்ற வேண்டும் என்பது விதி. ஆனாலும், மேலேயும் கீழேயும் யார் இருக்கிறார்கள் என்பது எப்போதும் தெரியாது.

நேருக்கு நேர் வந்தால் இன்னும் கஷ்டம். கிளைடரின் இறக்கை மெல்லியது, நிறமும் பெரும்பாலும் வெள்ளை. மேகத்தின் பின்னணியில் சட்டென்று தெரியாது. இரண்டு கிளைடர்கள் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வருகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு விநாடியும் இடைவெளி 83 மீட்டர் குறையும். அரை கிலோ மீட்டர் தூரத்தில் பார்த்தால், தப்பிக்க 6 விநாடிதான்!

பெரிய விமானத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. 1996 நவம்பர் 12-ம் தேதி, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானிலேயே மோதின. 349 பேர் பலியானார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால், அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு, இந்தியாவில் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களில் 'டி.சி.ஏ.எஸ்.' என்ற மோதல் தடுப்புக் கருவி கட்டாயமானது. இது எதிரில் உள்ள விமானத்துடன் ரேடியோவில் பேசி, ஒரு விமானியை 'மேலே ஏறு' என்றும், இன்னொருவரை 'கீழே இறங்கு' என்றும் எச்சரிக்கும்.

கிளைடருக்கு ஏற்ற கருவி

இந்தக் கருவியைக் கிளைடரில் வைக்க முடியாது. விலை அதிகம், மின்சாரமும் நிறைய வேண்டும். கிளைடரில் இருப்பதோ சின்ன பேட்டரி! தவிர, பக்கத்தில் பக்கத்தில் சுற்றும் கிளைடர்களைப் பார்த்து அது ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி கண்டவர்கள் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஊர்ஸ் ரோத்தாகர், ஆண்ட்ரியா ஷ்லப்பாக் ஆகியோர். 2004-ல் இவர்கள் கொண்டுவந்த கருவியின் பெயர் 'ஃபிளார்ம்'. ஃபிளைட், அலாரம் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் இது.

ஜி.பி.எஸ். மூலம் தான் இருக்கும் இடத்தை அறிந்து, அடுத்த சுமார் 20 விநாடிகளில் எந்த வழியில் போவோம் என்று ஃபிளார்ம் கணக்குப் போடும். அதை ரேடியோவில் சுற்றியுள்ளவர்களுக்குச் சொல்லும். அவர்களது கருவிகள் சொல்வதையும் கேட்கும். இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் சேரும்போல் இருந்தால் மட்டும், விளக்கு மினுக்கி 'கீ... கீ...' என்று கத்தும். எந்தப் பக்கம் ஆபத்து என்றும் காட்டும். எப்படித் தப்பிப்பது என்பதை விமானிதான் முடிவு செய்ய வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவருமே தத்தமது வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது வானத்து விதி.

கருவி இருந்தால் போதுமா?

போதாது! எதிரில் வருபவரிடமும் பொருத்தமான கருவி இருந்தால்தான் ஃபிளார்முக்கு அவரைத் தெரியும். பருந்திடமும் பட்டத்திடமும் ஏது ஃபிளார்ம்? அதனால்தான், 'கருவி உதவிக்கு மட்டுமே, கண் எப்போதும் வெளியே இருக்க வேண்டும்' என்று கிளைடர் விமானிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

இது நமக்கும் பொருந்தும், குட்டீஸ். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது, நமக்கான பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே காலை எடுத்து வையுங்கள். எல்லா வண்டிக்காரரும் சிக்னலை மதிப்பார் என்று சொல்ல முடியாதே!