நெரிசலில் முதல் நான்கு நிமிடங்கள்

பொது நிகழ்ச்சிக்கான மருத்துவ ஏற்பாடு மூன்று கேள்விகளில் தொடங்குகிறது. எத்தனை பேர் வருவார்கள்? எந்த வாசலில் நுழைந்து எதில் வெளியேறுவார்கள்? மயங்கி விழுந்தவரை எந்த வழியாகத் தூக்கிச் செல்வது? ஆம்புலன்ஸ், மருத்துவர், மருந்து எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

2024 டிசம்பர் 4 இரவு, ஹைதராபாத் ஆர்டிசி கிராஸ் ரோட்டில் உள்ள சந்தியா திரையரங்கில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி. நடிகர் அல்லு அர்ஜுன் வந்தபோது ரசிகர்கள் முண்டியடித்தனர். நெரிசலில் 35 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்த மகன் மூளைக்கு ஆக்சிஜன் தடைபட்டுப் பல மாதங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. பந்தோபஸ்துக்கு வந்த காவலர்களே அங்கேயே நெஞ்சை அழுத்தி உயிர்மீட்க முயன்றனர்.

நெரிசல் சாவு என்றால் மிதிபட்டுச் சாவது என்பதே பொதுவான எண்ணம். பெரும்பாலும் உயிரைப் பறிப்பது மூச்சுத்திணறல். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் ஆபத்து தொடங்கும். அதற்கும் மேல் இறுகினால் கையை உயர்த்த முடியாது. கூட்டம் சாயும் பக்கமே உடலும் சாயும். நாலாபுறமும் அழுத்துவதால் நின்ற நிலையிலேயே நெஞ்சு விரியாமல் போகும். ஆக்சிஜன் நின்ற நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதாகத் தொடங்குகிறது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தெரிந்தவர் அதற்குள் அருகில் வந்தாக வேண்டும்.

நாட்டுக்கே முன்மாதிரியான 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது ஹைதராபாத்தில்தான். ஆனால் சாலையையே கூட்டம் அடைத்து நிற்கும்போது எந்த வண்டியும் நான்கு நிமிடத்தில் வந்துசேராது. அதனால்தான் உதவி முன்கூட்டியே உள்ளே இருக்க வேண்டும் என்கிறார்கள். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலை விசாரித்த நீதிபதி டெய்லர், ஆயிரம் பார்வையாளருக்கு ஒரு முதலுதவியாளர், 2,000 பேரைத் தாண்டினால் ஒரு மருத்துவர், 5,000 பேர் என்றால் முழு வசதியுள்ள ஆம்புலன்ஸ் என்று அளவு வகுத்தார்.

இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் கூட்ட மேலாண்மைக்கென வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதன் பின்னும் 2022 செப்டம்பரில், ஹைதராபாத் ஜிம்கானா மைதானத்தில் கிரிக்கெட் டிக்கெட் வாங்க வந்தவர்கள் நெரிசலில் காயமடைந்தனர். 2025 ஜூன் 4இல் பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேரும், செப்டம்பர் 27இல் கரூரில் 41 பேரும் இறந்தனர்.

ஆம்புலன்ஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுமதி தருவது போதாது. ஸ்ட்ரெச்சர் வெளியேறத் தனி வழியும், அதை மறிக்காமல் காக்க ஆளும் இல்லாத இடத்தில் கூட்டம் கூட்ட அனுமதி கூடாது.