மிச்சத் துணி எங்கே?

"ஏனுங்க, மிச்சத் துணி எங்கே?"

தையல்காரி வீட்டு வாசலில் தினம் தினம் கேட்கும் கேள்வி இது. ரவிக்கையைத் தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கையில் கொடுப்பேன். வாங்குகிறவர் கழுத்தைப் பார்க்குமுன், கை இறக்கத்தைப் பார்க்குமுன், பைக்குள் கையை விட்டுத் துழாவுவார். துண்டு துக்காணி ஏதும் இருக்கிறதா என்று! கோபித்துக்கொள்ள முடியுமா? அவர் காசு போட்டு வாங்கிய துணி அல்லவா?

திருப்பூரில் 2005-ல் ஒரு பழைய மிஷினை வாங்கிப் போட்டு வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தேன். பத்தொன்பது வருஷம் ரவிக்கை, ரவிக்கை, ரவிக்கைதான். அளவு ரவிக்கையைத் துணி மேல் வைத்தால் போதும், காகிதம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கத்திரி தானே ஓடும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

2024-ல், என் நாற்பத்து நாலாவது வயதில், ஃபாஷன் டிசைனிங் படிக்கப் போனேன். சிரிக்காதீர்கள் சகோதரிகளே! மகள் இன்ஜினீயரிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருந்தது. புது பவர் மிஷின் வாங்கச் சீட்டுப் போட்டு வைத்திருந்த பணம் கைக்கு வந்தது. மிஷினுக்குப் பதில் ஒரு வருஷ டிப்ளமா வகுப்பில் கட்டிவிட்டேன்.

அத்தைதான் முதலில் கேட்டார். "தைக்கத் தெரிஞ்சவளுக்குத் தையல் கத்துக்குடுக்கக் காசா? நல்லாருக்குது போ!"

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார். அதுதான் அத்தையின் பேச்சைவிட அதிகமாகக் குத்தியது.

வகுப்பில் ஒரு 'அக்கா'

என்னோடு படித்தவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். பாடம் சொல்லிக்கொடுத்த மேடத்துக்கே முப்பதுதான் இருக்கும். அவரும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் ராணி மாதிரி இருந்தேன். மிஷினில் நூல் அறுந்தாலும், பாபின் சிக்கினாலும், "அக்கா, கொஞ்சம் பாருங்களேன்" என்று எல்லாரும் என்னிடம் ஓடி வருவார்கள்.

இரண்டாவது மாதம் மேடம் ஒரு வேலை கொடுத்தார். "இதுவரைக்கும் நீங்க தைக்காத ஒரு உருப்படி. அளவு ரவிக்கை, பழைய பேட்டர்ன் எதுவும் பார்க்கக் கூடாது. துணியைப் பொம்மை மேல போட்டு, அது எப்படி விழுதுன்னு பார்த்து, அப்புறம் வெட்டுங்க."

வகுப்பில் ஆள் உயரப் பொம்மை ஒன்று உண்டு. சின்னப் பெண்கள் துணியை அதன் மேல் போட்டு, சுருட்டி, முறுக்கி, குண்டூசி குத்தி என்னென்னவோ செய்தார்கள். ஒருத்தி கையையும் கழுத்தையும் ஒன்றாக்கினாள். இன்னொருத்தி பாவாடையைத் தலைகீழாக்கித் தோளில் மாட்டினாள். நான் மட்டும் கத்திரியைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் கைக்கு ரவிக்கை ஒன்றுதான் தெரியும். கண்ணை மூடினாலும் ரவிக்கைதான் வந்தது!

கோணலாய்த் தொங்கிய கர்வம்

அந்தச் சமயத்தில்தான் மதலேன் வியோனே என்ற பிரெஞ்சுப் பெண்மணியைப் பற்றி மேடம் சொன்னார். 1876-ல் பிறந்து 1975 வரை வாழ்ந்தவர். சிறு வயதிலேயே தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1912-ல் பாரிஸில் சொந்தக் கடை தொடங்கினார். காகிதத்தில் படம் போடுவதைவிட, ஒரு சின்ன மரப் பொம்மைக்குத் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் உடைகளை உருவாக்குவாராம். நாம் 'கிராஸ் கட்' என்கிறோமே, அந்தக் குறுக்கு வெட்டில் முழு கவுனையே தைத்துப் புகழ் பெற்றவர் அவர்.

துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் நேராக இருக்கும்போது துணி விறைப்பாக நிற்கும். சாய்த்துப் பிடித்தால் இழைகள் நகர்ந்து கொடுக்கும். துணி உடம்போடு இழையும். கிராஸ் கட் ரவிக்கை மார்பில் சுருக்கமில்லாமல் உட்காருவது இதனால்தான். பத்தொன்பது வருஷம் வெட்டியிருக்கிறேன், காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ப்பூ, கிராஸ் கட்தானே!" என்று இரண்டு மீட்டர் வாயில் துணியை எடுத்து, முழுக்கச் சாய்வாக வெட்டி, ஒரே மாலையில் ஒரு நீள மேலாடை தைத்து, கீழ் மடிப்பும் அடித்துப் பொம்மைக்கு மாட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தொங்குகிறது! மறுபக்கம் முழங்காலுக்கு மேலே நிற்கிறது!

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. "அக்கா, சாய்வா வெட்டின துணியை ஒரு நாளாவது சும்மா தொங்க விடணும். தன் எடையால இறங்க வேண்டியது இறங்கட்டும். அப்புறம்தான் கீழ் மடிப்பு. அதோட முதல்ல காடா துணியில தச்சுப் பார்க்கணும். நீங்க நேரா நல்ல துணியில கை வெச்சுட்டீங்க" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். துணி போனதற்காக அல்ல. பத்தொன்பது வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட நான் 'சோதித்துப் பார்த்தது' இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தப்பே வராத வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். அதற்குப் பெயர் திறமை என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் புது யோசனையானாலும் முதலில் காடா துணி. அதில் ஓட்டுத் தையல்தான், மிஷின் கிடையாது. பிரிப்பது சுலபம் பாருங்கள்! எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சாக்கால் துணி மேலேயே எழுதிவிடுவேன். கெட்டுப்போன காடா துணிகள் ஒரு மூட்டை சேர்ந்தன. அந்த மூட்டைதான் என் உண்மையான பாடப் புத்தகம்.

வெட்டாத துணிகள்

கடைசிப் பருவத்துக்கு மேடம் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'கழிவே இல்லாத ஒரு உடை.' வாங்கிய துணி முழுவதும் உடையாக வேண்டும். ஒரு துண்டும் குப்பைக்குப் போகக் கூடாது.

உடை வெட்டும்போது துணியில் சுமார் 15 சதவீதம் வெட்டுத் துண்டாகவே போகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் ஊரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வண்டியில் போகும். மிஷின் துடைக்கக் கொஞ்சம், பிரித்து மறுபடி நூலாக்கக் கொஞ்சம் என்று அதற்கும் ஒரு வியாபாரம் உண்டு. கழுத்து வளைவு, கை வளைவு என்று வளைத்து வெட்டுகிற இடத்தில்தான் துண்டு விழுகிறது. நேராக வெட்டினால் விழாது.

ஜப்பானியரின் கிமோனோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச் சுருள். அதை நேர் நேராக வெட்டி இணைத்தால் உடை முடிந்தது. அந்தக் காலத்தில் துவைப்பதற்குத் தையலைப் பிரித்து, பழையபடி துணிச் சுருளாக்கி, உலர்த்தி, மறுபடி தைப்பார்களாம். ஜப்பானில் 1938-ல் பிறந்து 2022-ல் மறைந்த இஸ்ஸே மியாகே என்ற வடிவமைப்பாளர், 1990-களின் இறுதியில் இன்னும் ஒரு படி போனார். மிஷினிலிருந்து குழாய் போல வரும் துணியிலேயே உடையின் கோடுகள் பின்னப்பட்டிருக்கும். வாங்குகிறவர் கோட்டின் மேல் கத்திரியால் வெட்டினால் உடை தயார். தைக்கவே வேண்டாம்!

நம் சேலையும் வேட்டியும்? ஊசியும் வேண்டாம், கத்திரியும் வேண்டாம். வடநாட்டுப் பழைய குர்த்தாக்களும் சதுரம், செவ்வகம், முக்கோணம் இவற்றாலேயே ஆனவை. புதுமை புதுமை என்று தேடிப் போனால் பாட்டி வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்!

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெட்டறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. வெட்டாம இருக்கறதுக்கு நீ ஃபீஸ் கட்டிப் படிக்கறியா?" என்றார். ஆனால் அன்று இரவு அவரும் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளை வெட்டி வெட்டி என்னோடு அளவு பார்த்தார். எந்தத் துண்டை எங்கே போட்டால் இடைவெளி அடையும் என்பதில் கட்டிங் மாஸ்டரை மிஞ்ச முடியுமா? பதினோரு மணிக்கு அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "அந்த மூலையில ஒரு சதுரம் எடுத்துக்கலாமே, அக்குளுக்கு?" என்றார். எடுத்தோம்!

நீங்களும் தைத்துப் பாருங்கள்

மார்பளவு 36 அங்குலம் வரை உள்ளவர்களுக்கு இந்தக் குர்த்தா தாராளமாக இருக்கும்.

துணி: 44 அங்குல அகலப் பருத்தி, 1 மீட்டர் 60 செ.மீ. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, 60 அங்குல நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். சுருங்கியது போக ஓரிரு அங்குலம் மிஞ்சினால் உள்ளே தொங்கவிடும் நாடாவுக்கு ஆகும்.

வெட்டும் முறை: முதல் 40 அங்குலத்தை நீளவாக்கில் இரண்டாக்கினால், 22 அங்குல அகலத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மீதி 20 அங்குலத்தில், 16 அங்குல அகலத்துக்கு இரண்டு கைகள். இப்போது 12-க்கு 20 அங்குலத் துண்டு ஒன்று நிற்கும். அதில் 4 அங்குலப் பட்டை எடுத்து மூன்று சதுரமாக்குங்கள். இரண்டு அக்குளுக்கு, ஒன்று கழுத்துக்கு. மிஞ்சிய 12-க்கு 16 துண்டை, 6-க்கு 16 ஆக இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணம். துணி தீர்ந்தது!

ஒரு எச்சரிக்கை. இரண்டு செவ்வகங்களையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வெட்டாதீர்கள். ஒன்றை வலமிருந்து இடமாக, மற்றதை இடமிருந்து வலமாக வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முக்கோணம் எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். நான் முதலில் ஒரே பக்கமாக வெட்டி, பாதி முக்கோணங்களில் பூ டிசைன் உள்பக்கம் போய்விட்டது.

தைக்கும் முறை: எல்லா இடத்திலும் தையலுக்கு அரை அங்குலம். முன்பக்கத்தின் மேல் விளிம்பு நடுவில் 3 அங்குலம் கோடு போட்டு, கழுத்துச் சதுரத்தை நல்ல பக்கத்தில் வைத்துக் கோட்டின் இருபுறமும் தைத்து, நடுவே வெட்டி, சதுரத்தை உள்ளே திருப்புங்கள். பிறகு தோள்பட்டையில் நடுவே 10 அங்குலம் கழுத்துக்கு விட்டு, இருபுறமும் 6 அங்குலம் தையுங்கள். கழுத்து விளிம்பை மடித்து அடித்துவிடுங்கள். கையின் நடுவைத் தோள் தையலோடு சேர்த்துக் கைகளை இணையுங்கள். அக்குள் சதுரத்தை முதலில் ஓட்டுத் தையலில் வைத்துப் பார்த்த பிறகே மிஷினில் ஓட்டுங்கள். முக்கோணங்களை ஜோடி ஜோடியாக நேர் ஓரத்தில் இணைத்து, சாய்வு ஓரங்களைப் பக்கத் தையலின் கீழ்ப் பகுதியில் சேருங்கள். சாய்வு ஓரத்தை இழுத்துத் தைக்கக் கூடாது. ஒரு நாள் தொங்கவிட்டுப் பிறகு கீழ் மடிப்பு. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு!

மிச்சமே இல்லை

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2005-ல் என் மகளுக்கு முதல் பிறந்த நாள். புதுத் துணி எடுக்கக் கையில் காசில்லை. அந்த வாரம் ஒரு அம்மா அரக்குப் பட்டில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார். வெட்டியது போக ஒரு முழம் மிஞ்சியது. அதை எடுத்துக் குழந்தையின் கவுனுக்கு நெஞ்சுப் பகுதி வைத்துத் தைத்துவிட்டேன். அவர் வந்து, "மிச்சத் துணி எங்கே?" என்று கேட்டபோது, "சரியா இருந்துச்சுங்க, மிச்சமே இல்லை" என்றேன். அவர் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். அதன் பிறகும் என்னிடம்தான் தைத்தார். ஆனால் துணியை அளந்து கொடுப்பார்.

படிப்பு முடிந்ததும் முதல் குர்த்தாவை அவர் கொடுத்த துணியில், அவர் கண் முன்னாலேயே வெட்டித் தைத்தேன். பழக்க தோஷம், வாங்கும்போது பைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"மிச்சத் துணி எங்கே கண்ணு?"

"எல்லாம் குர்த்தாவிலயே இருக்குதுங்க. மிச்சமே இல்லை" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. அரக்குப் பட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே எனக்குத் தெரியும். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். குர்த்தாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர், திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்தக் கவுன் இன்னும் இருக்குதா?"

இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.