தெளிந்த நாடியும் தீராத நோவும்

இராகலையை அடுத்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெற்றோர், ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற கடிதம் எதுவாயினும் அதனை ஆசிரியரிடம் கொணர்ந்து படித்துக் காட்டும்படி கேட்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தாயார் வைத்தியசாலை அறிக்கை ஒன்றுடன் வந்தார். கொழுந்துக் கூடையுடன் மலையேறும்போது அவருக்கு நெஞ்சை அழுத்தும் நோவு. சில நாள்களில் வாளா இருக்கும்போதும் அது தோன்றும். சாயம் செலுத்தி இருதய நாடிகளைப் படம் பிடித்த வைத்தியர், நாடிகள் இயல்பாக உள்ளன என எழுதியிருந்தார். நற்செய்தி எனக் கருதி நான் அதனைப் படித்துச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. "அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா, சார்?" என்று கேட்டார். வேலைக்குக் கள்ளமாக நடிக்கிறார் என உடன் கொழுந்தெடுப்போர் முன்னரே பேசத் தொடங்கியிருந்தனர்.

நான் வைத்தியன் அல்லன், தமிழாசிரியன். எனினும் அத்தாயின் வினாவுக்கு விடை தேடிக் கற்றவற்றைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறிதல் நன்றெனக் கருதி இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களை முடியுரு நாடிகள் என்பர். இவற்றை ஒவ்வொன்றாகச் சாயமிட்டுப் படம் பிடிக்கும் முறையை 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர் கண்டார். எண்ணற்றோர் உயிரைக் காத்த முறை இது. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ அரை மில்லிமீற்றரிலும் நுண்ணிய குழாய்கள் அப்படத்தில் தோன்றா. இருதயத் தசையினுள்ளே குருதியின் அளவைக் கூட்டிக் குறைப்பனவோ பெரும்பாலும் அந்நுண்குழாய்களே.

தோட்டத்து நீர்க்குழாயை நினைத்துப் பாருங்கள். தொட்டியிலிருந்து வரும் பெருங்குழாயில் அடைப்பு இல்லை. எனினும் லயங்களுக்குப் பிரியும் சிறுகுழாய்கள் திறவாவிடின் குடத்தில் நீர் விழாது. பெருங்குழாயைப் பார்த்துவிட்டு, நீரில்லை என்பது பொய் எனல் தகுமா?

இத்தகையோர் தொகை சிறிதன்று. இருதய நோய் உண்டென முன்னர் அறியப்படாத ஏறக்குறைய 4 இலட்சம் பேரின் நாடிப் படங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ 38 வீதமானோரிடத்து மாத்திரமே பெருநாடி அடைப்புக் காணப்பட்டது. எஞ்சியோர் யாவருக்கும் நுண்குழாய் நோய் என்பது கருத்தன்று. ஆயினும் அவர்களுள் அந்நோயுடையோர் பலர், சிறப்பாகப் பெண்கள், உளர். இந்நோவுக்கு 1988இல் கனன், எப்ஸ்ரைன் என்னும் இருவர் 'நுண்குழாய் நெஞ்சு நோவு' எனப் பொருள்படும் பெயரிட்டனர்.

கண்ணுக்குப் புலனாகாத குழாயை எவ்வாறு சோதிப்பது? இங்கேதான் குருதிக் குழாய்களை விரிக்கும் மருந்துகள் துணை செய்கின்றன. அவற்றுள் முதன்மையானது அடினோசீன். இருதயத் தசைச் சாற்றிலிருந்து பெற்ற இப்பொருளின் ஆற்றலை 1929இல் கேம்பிரிட்ஜில் துரூரியும் சென்ற் ஜோர்ஜியும் வெளியிட்டனர். ஒட்சிசன் குறையும்போது இருதயம் தானே இதனைச் சுரந்து குழாய்களை விரிக்கின்றது.

சோதனையின்போது, அளவிடும் கருவி பொருத்திய நுண்கம்பியை நாடியினுட் செலுத்தி, ஓய்விலுள்ள குருதியோட்டத்தை முதலில் அளப்பர். பின்னர் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்துக்கு 140 மைக்குரோகிராம் வீதம் அடினோசீனை நாளத்தின் வழியே செலுத்தி மீண்டும் அளப்பர். நலமுள்ள இருதயத்தில் குருதியோட்டம் இரண்டரை மடங்குக்கு மேலாகப் பெருகும். இரு மடங்கேனும் பெருகாவிடின் நுண்குழாய்கள் விரியும் ஆற்றல் குன்றின என்பது தெளிவு. மருந்தின் வேகம் சில வினாடிகளில் அடங்கிவிடும்; இடையே முகம் சிவத்தலும் மூச்சு முட்டலும் உண்டாகலாம்.

அசற்றைல்கோலின் என்னும் மற்றொரு மருந்து குழாயின் உட்சுவரைச் சோதிப்பது. உட்சுவர் நலமாயின் குழாய் விரியும். பழுதாயின் விரிவதற்கு மாறாகச் சுருங்கும்.

நாக்கின் கீழ் வைக்கும் நைதரோகிளிசரீன் குளிகையோ பெருநாடிகளையே மிகுதியும் விரிக்கும். ஆதலின் அக்குளிகையால் நோவு தணியாமை கொண்டு நோயே இல்லை என முடிவு செய்தல் பிழை.

மலைநாட்டவர் மறவாது கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அடினோசீன் சென்று பற்றவேண்டிய இடங்களைத் தேநீரிலுள்ள கஃபீன் முன்னரே பற்றிக்கொள்ளும். தேயிலையிலிருந்து 1888இல் கொசெல் பிரித்தெடுத்த தியோபிலினும் அத்தகையதே. ஆகவே இச்சோதனைக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் தேநீரும் கோப்பியும் அருந்தலாகாது. குளிருக்கு ஒரு வாய் தேத்தண்ணிதானே என்று அருந்திச் சென்றால் சோதனை பொய்த்துப்போகலாம். ஆஸ்துமா உடையோர் அதனையும் வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

நோயின் பெயரை அறிவதால் பயன் என்ன எனச் சிலர் வினவலாம். பெருநாடி அடைப்பில்லாத 151 பேரை ஸ்கொத்லாந்தில் இவ்வாறு சோதித்து, ஒரு பகுதியினரின் பெறுபேற்றை மாத்திரம் வைத்தியருக்கு அறிவித்தனர். அதற்கேற்ப மருந்து பெற்ற அப்பகுதியினருக்கு 6 மாதங்களில் நோவு குறைந்து, வாழ்க்கை நலமும் சிறந்ததென 2018இல் வெளிவந்த அவ்வாய்வு கூறுகின்றது.

இச்சோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் நடைபெறுவதன்று. ஆயினும் வினாவுதற்குப் பணம் வேண்டியதில்லை. அத்தாயார் மீண்டும் சென்று, "சின்னக் குழாய்களில் கோளாறு இருக்குமா?" என்று கேட்டார். வேறொரு வைத்தியர் பொறுமையுடன் கேட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். நோவு முற்றும் நீங்கவில்லை, ஆனால் குறைந்தது. நடிக்கிறார் என்ற பேச்சும் நின்றது.

'நாடியில் அடைப்பில்லை' என்பது ஒரு கூற்று. 'நோய் இல்லை' என்பது வேறொரு கூற்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருத்தல் வைத்தியருக்கு மட்டுமன்றி, அறிக்கையைப் படித்துச் சொல்லும் எம்போன்ற ஆசிரியர்க்கும் கடனாகும்.